எட்டிப்பார்த்தாள் பாறை நிறுத்தம்

"ஓட்டுநர் இருக்கையில் எவரும் இல்லை. பயணிகளின் பாதுகாப்பு கருதி வண்டி நிறுத்தப்படுகிறது."

இனிமையான பெண்குரலில் இப்படிச் சொல்லிவிட்டுப் பேருந்து தானாகவே ஓரங்கட்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரபாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கையில் எவரும் இல்லையாம்! அப்படியானால் செஞ்சியிலிருந்து இவ்வளவு தூரம் வண்டியை ஓட்டிவந்தது பேயா, பிசாசா?

ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், புளியங்கொட்டை அளவில் ஒரு கண்ணாடிக் கண் பதிந்திருந்தது. அதன் பக்கம் முகத்தைத் திருப்பி, கழுத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவையும் விலக்கிக் காட்டினாள். "ஓட்டுநருக்கு வணக்கம்" என்றது வண்டி. நகர்த்தினாள். ரோட்டைப் பார்த்தாள். ஒரு பர்லாங்கு போவதற்குள் மறுபடியும், "ஓட்டுநர் இருக்கையில் எவரும் இல்லை."

இதுதான் கொடுமை. ரோட்டைப் பார்த்தால் அவள் இல்லை. ரோட்டைப் பார்க்காவிட்டால் அவள் உண்டு.

"இன்னாம்மா, மறுபடியுமா?" என்று பின்னாலிருந்து ஒரு தக்காளிக் கூடைக்காரர் குரல் கொடுத்தார். "திண்டிவனம் மார்க்கெட்டு முடிஞ்சி போவப்போவுது."

"ஆளு இல்லன்னு வண்டியே சொல்லுது. அப்ப ஓட்றது யாருய்யா?" என்றார் இன்னொருவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை என்பது பிரபாவதிக்கும் தெரியும். தெரிந்தும் வலித்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் கீழ்த்தாடையில் ஒரு கட்டி வந்து, தாடையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள். உதட்டுக்குக் கீழே முகம் சட்டென்று முடிந்து கழுத்தில் இறங்கியது. பேச்சு கொழகொழத்தது. கஞ்சியும் கூழும்தான் ஆகாரம். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பதினைந்து வருடமாக உட்கார்ந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இல்லை என்று பெயர் வாங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்குத் திண்டிவனத்துக்கு வேறு ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துப் போனார். அவரிடம் வண்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

செஞ்சிப் பணிமனையின் கிளை மேலாளர் குலோத்துங்கன் நல்ல மனிதர். அதுவே பிரபாவதிக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வரலாம்.

"டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. கண்ணு நல்லாருக்கு, கை காலு நல்லாருக்கு. நானும் ஒத்துக்கிறேன். வண்டி ஒத்துக்கணுமேம்மா!"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ஒரு புளியங்கொட்டை.

"அந்தக் கண்ண அணைச்சி வையுங்க சார்."

"அணைச்சா வண்டி கெளம்பாதும்மா. ஓட்டுநர் தூங்கி, வண்டி ஏரிக்குள்ள போன பிறகு வந்த சட்டம் இது. நீதான மொத ஆளா கைதட்டி வரவேத்த?"

கைதட்டியது உண்மைதான். தூங்குகிறவனை எழுப்பத்தானே கைதட்டினாள், விழித்திருப்பவளை அழிக்கவா?

"அந்தக் கண்ணச் செஞ்ச கம்பெனியிலருந்து ஒரு பொண்ணு வருது. பாக்கட்டும். இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் தாங்கிப் பிடிக்கிறேன். அதுக்குள்ள வண்டி உன்ன ஏத்துக்கலன்னா ஸ்டோர் ரூமுக்கு வந்துடு. உக்காந்த வேலை. ஃபேன் இருக்கு."

"எனக்கு ஃபேன் வேணாம் சார். வண்டி ஜன்னல்ல காத்து வருது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சொன்னது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தெரியவில்லை. அதைத் திரும்பச் சொல்லவேண்டி வருமே என்ற எரிச்சலில் வேகமாக நடந்தாள்.

வீட்டில் கணவன் தரணேந்திரன் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் அவன் வீட்டில் இருந்தால்தான் அதிசயம். தமிழ்ச் சமணரான நயினார் வீடுகளில் சூரியன் விழுவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதற்கப்புறம் அடுப்பும் இல்லை, இலையும் இல்லை. தரணேந்திரனுக்கோ சூரியன் விழுகிற நேரம்தான் வேலை நேரம். கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தாலும் அவன் உயிர் நிழலுருவப் படங்களில்தான் இருந்தது. பின்னால் வெளிச்சம், முன்னால் கன்னங்கரேலென்று ஒரு பாறை. செஞ்சியைச் சுற்றிப் பாறைக்கா பஞ்சம்? எந்தக் கோணத்தில் எந்தக் கல் கிழவனாகும், எந்த மரம் கொட்டாவி விடும் என்று அவனுக்கு அத்துப்படி. கல்யாணமான புதிதில், "கல்லைக் கண்டால் பெண்டாட்டியைக் காணோம்" என்று அவள் அம்மாவே கேலி செய்திருக்கிறாள். பாதி நாள் பட்டினியாகத்தான் படுப்பான்.

கூடத்துச் சுவர் முழுக்க அந்த முகங்கள். மூக்கு நீண்ட பனைமரம், நெற்றி புடைத்த குன்று, பொக்கைவாய்க் கற்குவியல். நடுவில் ஓர் ஆணி மட்டும் சும்மா இருந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அப்படித்தான் இருக்கிறது. கேட்டதற்கு, கண்ணாடி உடைந்துவிட்டது என்றான். என்ன படம் என்று அவளும் யோசிக்கவில்லை. அப்போது அவளுக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

கம்பெனியிலிருந்து நஸ்ரின் வந்தாள். சின்னப் பெண், கையில் பலகை போல ஒரு திரை. குலோத்துங்கன் சொல்லி, பயணிகள் இல்லாத வண்டி ஒன்றைப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பிரபாவதி ஓட்டினாள். நஸ்ரின் பக்கத்தில் நின்றுகொண்டு திரையையே பார்த்தாள். மைதானத்தில் ஒரு சுற்று முடிவதற்குள் வண்டி மூன்று முறை நின்றுவிட்டது.

"அக்கா, கேமரா உங்களை இடது பக்கத்துலேருந்து பாக்குது. உங்களுக்குப் பின்னால ஜன்னல். வெளிச்சம் அங்கேருந்து வர்றதால உங்க முகம் கருப்பா, வெறும் ஓரக்கோடாத்தான் தெரியும். எல்லா ஓட்டுநருக்கும் அப்படித்தான். அதனால கோட்டை வச்சே முகத்தைக் கண்டுபிடிக்க இதுக்குக் கத்துக் குடுத்திருக்கோம்."

"என் கோடு முகமா தெரியலையா?"

நஸ்ரின் தயங்கினாள். "தெரியலைன்னா பரவாயில்லை. இது வேற ஒண்ணா தெரியுது."

"எது?"

"விடுங்க அக்கா, நான் சரி பண்ணப் பாக்கறேன்."

"காட்டும்மா."

அந்தக் கொழகொழப்பிலும் அதட்டல் தெளிவாகத்தான் வந்தது. நஸ்ரின் திரையைத் திருப்பினாள். இடது பாதியில் பிரபாவதியின் நிழலுருவம். நெற்றி, மூக்கு, உதடு, அப்புறம் சரேலென்று கழுத்து. வலது பாதியில் அச்சு அசலாக அதே கோடு. நெற்றி, மூக்கு, உதடு, சரேலென்று இறக்கம். அதன் அடியில் 'கல்' என்று போட்டிருந்தது.

பிரபாவதிக்கு அந்தக் கல்லைத் தெரியும். செஞ்சிக்குச் சற்று முன்னால், ரோட்டோரத்தில், வண்டி வருகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிற பெண் மாதிரி நிற்கும். எட்டிப்பார்த்தாள் பாறை என்று ஊரே சொல்லும். அந்தப் படத்தையும் தெரியும். கூடத்துச் சுவரில், நடு ஆணியில், வருடக்கணக்காகத் தொங்கியது. திரையில் படம் தந்தவர் பெயரும் இருந்தது. தரணேந்திரன், செஞ்சி.

"ரெண்டு வருஷம் முன்னால இந்த ரூட்ல ஒரு பிரச்சினை" என்று நஸ்ரின் மெதுவாகச் சொன்னாள். "வண்டிக்கு வெளியிலயும் ஒரு கண் இருக்கில்ல? ரோட்டோரம் யாராவது நின்னா மணியடிச்சு நிறுத்துமே."

பிரபாவதிக்கு மறக்குமா? சாயங்கால டிரிப்பில் வண்டி பாறைக்குப் பாறை நின்றது. கல்லெல்லாம் மனிதராகத் தெரிந்தது அதற்கு. ஒவ்வொரு முறையும் கதவு திறந்து, 'பயணி காத்திருக்கிறார்' என்று சொல்லி, ஓட்டுநர் சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் இருட்டுவதற்கு முன் நகரும். பொத்தானில் 'எவரும் இல்லை' என்று எழுதியிருக்கும். அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் காய்த்துப்போனது. வீட்டுக்கு வந்து புலம்பியவளும் அவள்தான்.

"அப்பத்தான் நிழலுருவம் எடுக்கறவங்ககிட்ட படம் கேட்டோம். இது மனுஷன், இது கல்லுன்னு பிரிச்சுத் தரச் சொன்னோம். உங்க வீட்டுக்காரர் தந்தது மாதிரி யாரும் தரலை அக்கா. அவரோட கல்லுங்கதான் இதுக்குக் கண்ணைத் திறந்துவச்சது."

"அது வெளிக் கண்ணு. இது உள் கண்ணு."

"கண்ணு ரெண்டு, மூளை ஒண்ணுதான்."

தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும். அவள் புலம்பினாள், அவன் படம் கொடுத்தான், வண்டி கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட பாடத்தை அவள் முகத்திலேயே ஒப்பிக்கிறது.

"நீயே மாத்திடேன்" என்றாள் பிரபாவதி.

"முடியாதுக்கா. படத்துக்கு வச்ச பேரைப் படம் தந்தவர் மட்டும்தான் மாத்தலாம். அவர் அந்தப் பாறையை மனுஷன்னு மாத்தணும். அதோட உங்க நிழலுருவமும் ஒண்ணு வேணும். ரெண்டும் ஒரே பக்கம் நின்னாத்தான் இது ஒத்துக்கும். ஒண்ணு மட்டும் இருந்தா குழம்பும். குழம்பினா நிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொண்ணும் இருக்கு. பேரை மாத்தினா சாயங்காலத்துல வண்டியெல்லாம் அந்தப் பாறைக்கு நிக்கும். ஓட்டுநருங்க 'எவரும் இல்லை'ன்னு அமுக்குவாங்க. அமுக்க அமுக்க இது பழையபடி கல்லுன்னு கத்துக்கும். அப்புறம் உங்களையும்..." என்று இழுத்தாள்.

அவள் முடிக்காததைப் பிரபாவதியே மனதுக்குள் முடித்துக்கொண்டாள்.

அன்று தரணேந்திரன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அந்த ஆணிக்குக் கீழே நின்றிருந்தாள்.

"இதுல தொங்குன படம் எங்கங்க?"

"கண்ணாடி ஒடஞ்சிடுச்சின்னு சொன்னேனே பிரபா."

"ஒடஞ்சது கண்ணாடிதானே? படம் எங்க?"

அவன் கேமராப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றான். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து, பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்த சட்டத்தை எடுத்துவந்தான். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"கட்டுப் பிரிச்ச அன்னிக்கு ஆஸ்பத்திரியில ஜன்னலோரம் உக்காந்திருந்த. வெளிச்சம் பின்னாலருந்து வந்துச்சி. எனக்கு ஒரு நிமிஷம்..."

"பாறை மாதிரி இருந்தேன்."

"இல்ல பிரபா. பாறைதான் உன்ன மாதிரி இருந்துச்சி."

"பெரிய வித்தியாசம்!"

"உன் கண்ணுல படக்கூடாதுன்னுதான் கழட்டுனேன். வேற ஒண்ணும் இல்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆறு மாதமாக இந்த மனிதன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் பக்கவாட்டிலிருந்து நகர்ந்து எதிரில் வந்து உட்கார்ந்தான். அன்பு என்று நினைத்திருந்தாள். அன்பாகவே இருக்கலாம். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நஸ்ரின் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தான்.

"கல்லைக் கல்லுன்னுதானே எழுதுனேன். அதை மனுஷன்னு மாத்தச் சொன்னா... பொய்யில்லையா பிரபா?"

"கண்ணாடி ஒடஞ்சிதுன்னு சொன்ன வாய்தானே இது? அதுக்கு மேல இன்னொண்ணு சொன்னா ஒண்ணும் கொறஞ்சிடாது."

"நாளைக்கு சாயங்காலம் என்னை எடுக்கறீங்க. அந்தப் பாறைகிட்டயே எடுக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு யாரையும் அவள் தன்னைப் படமெடுக்க விட்டதில்லை.

மறுநாள் பொழுது இறங்குகிற சமயம், ரோட்டோர மதகுக் கட்டையில் அவளைப் பக்கவாட்டில் உட்கார வைத்தான். பின்னால் ஆகாசம் பழுத்திருந்தது. சற்றுத் தள்ளி எட்டிப்பார்த்தாள் பாறை தன் வழக்கப்படி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தரணேந்திரன் முன்னால் போனான், பின்னால் வந்தான், முட்டி போட்டான். முப்பது வருடமாக ஸ்டுடியோவில் உட்காருகிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய், தன்னை மறந்து சொல்லிவிட்டது.

"மோவாயைக் கொஞ்சம் தூக்கு."

சொன்ன பிறகு கேமராவைக் கண்ணிலிருந்து இறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ரோட்டில் ஒரு லாரி போயிற்று.

"இருந்தா தூக்க மாட்டேனா?" என்றாள் பிரபாவதி.

முதலில் யார் சிரித்தார்கள் என்று இருவருக்குமே தெரியாது. அவள் சிரித்தால் இப்போதெல்லாம் ஒரு விசில் சத்தம் வரும். அது வந்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, பெருமூச்சு விட்டு, அவள் தானாக ரோட்டைப் பார்த்து நிமிர்ந்த கணத்தில் அவன் எடுத்துவிட்டான்.

காட்டினான். ஒரே சட்டத்துக்குள் இரண்டு கறுப்பு முகங்கள், ஒரே திசை பார்த்தபடி. அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"மூக்கு எனக்குத்தான் நல்லாருக்கு" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து அனுப்பினான். அவள் படத்துக்கு 'மனிதர்' என்று போட்டான். பாறைப் படத்தை எடுத்து, 'கல்' என்பதை அழித்தான். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. அவள் பார்க்கிறாளா என்று பார்த்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். 'மனிதர்' என்று போட்டான்.

வண்டி அடுத்த வாரமே ஏற்றுக்கொண்டது. பணிமனையிலிருந்து திண்டிவனம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் போயிற்று. அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டே அவள் ஓட்டினாள். குலோத்துங்கன் ஓட்டுநர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, எட்டிப்பார்த்தாள் பாறையில் யாரும் சிவப்புப் பொத்தானை அமுக்கக் கூடாது என்று சொன்னார். வெளிச்சம் இறங்கினால் கோடு மறைந்துவிடும், வண்டி தானே நகரும், அதுவரை பொறுங்கள் என்றார். பொறுப்பதாகச் சிலர் தலையாட்டினார்கள். "வூட்டுக்குப் போவ வேணாமா சார்?" என்று சிலர் முனகினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாள் பூராவும் வண்டியோட்டிவிட்டு, ஒரு கல்லுக்காக யார் காத்திருப்பார்கள்? எத்தனை விரலைத்தான் அவள் போய்ப் பிடித்துக்கொள்ள முடியும்?

சாயங்காலம் திண்டிவனத்திலிருந்து திரும்பினாள். வண்டி நிறைய ஆட்கள். செஞ்சிக்கு முன்னால் வளைவு திரும்பியதும் மேற்கே சூரியன், அதன் குறுக்கே பாறை. மணி அடித்தது. வேகம் தானாகக் குறைந்து, வண்டி பாறைக்கு நேரே நின்றது. கதவு திறந்தது.

"பயணி ஒருவர் காத்திருக்கிறார்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வேலிக்காத்தான் புதரும் பாறையும்தான்.

"எம்மா, அது கல்லும்மா!" காலியான கூடைகளோடு அதே தக்காளிக்காரர். "இது என்னாடா வம்பு? ஒரு நாளு ஓட்டுநரு இல்லன்னுது, ஒரு நாளு கல்லு ஏறணும்னுது. அந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கிட்டுக் கெளம்பும்மா."

"பிள்ளைக்கு ட்யூஷன் இருக்குங்க" என்றாள் ஒரு பெண். பின்னால் வந்து மாட்டிக்கொண்ட கார்க்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். குரல்கள் கூடின. பட்டன், பட்டன் என்றார்கள்.

பொத்தான் அவள் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே ஒளிர்ந்தது. 'எவரும் இல்லை.' பழகிய விரல் தானாக அதன்மேல் போய் உட்கார்ந்தது. எத்தனை ஆயிரம் தடவை அமுக்கியிருப்பாள், ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்காமல்.

விரலை எடுத்துவிட்டாள்.

இருக்கையில் திரும்பி, அத்தனை பேருக்கும் முகத்தை நேராகக் காட்டி, புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இருக்காங்க."

கார்க்காரன் இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். தக்காளிக்காரர் பாறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பாறையைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தலையைச் சொறிந்துகொண்டார்.

"சரிம்மா. ஏறப்போறாங்களா, இல்லையா? அதையாச்சும் கேட்டுச் சொல்லு."

"பொழுது சாயட்டும். பாப்போம்" என்றாள் பிரபாவதி.

சூரியன் விழ இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. இருக்கைக்கு அடியிலிருந்து தூக்குவாளியை எடுத்து, மூடியில் கஞ்சியை ஊற்றிக் குடிக்க ஆரம்பித்தாள்.